டீயும் பொறையும் மூன்று மாத்திரையும்

காசநோய் மாத்திரை சாப்பிட்டவருக்குக் காமாலை வந்தால் காரணம் மருந்து, அல்லது நோயாளியின் குடி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சோற்றுக்கும் ஈரலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கிறார் கட்டுரையாளர். நோயாளிக்கு ஊட்டச்சத்துப் பணம் தருவது கருணையாம், மருத்துவம் இல்லையாம். சாட்சிக்கு 1959இல் வெளியான சென்னை ஆய்வைக் கூட்டி வந்திருக்கிறார். கூட்டி வந்தவர் அது சொல்வதை முழுக்கக் கேட்டிருக்கலாம்.

சானடோரியத்தில் படுத்து நன்றாகச் சாப்பிடுபவருக்கும், வீட்டில் அரைவயிறு உண்பவருக்கும் காசநோய் ஒரேபோலக் குணமாகிறதா? அந்த ஆய்வு கேட்டது இதைத்தான். ஏறக்குறைய அப்படியே குணமாகிறது என்று காட்டி, ஏழை நாடுகளில் வீட்டுச் சிகிச்சைக்கு வழிதிறந்தது. சென்னைக்குப் பெருமைதான். ஆனால் அதில் கொடுத்தவை ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும். ஈரலைப் படுத்தும் பைராசினமைடு அந்தச் சீட்டில் இல்லை. இன்று தரும் ரிஃபாம்பிசின் அன்று பிறக்கவே இல்லை. கிருமி செத்ததா என்று பார்த்த ஆய்வை, ஈரல் பிழைத்ததா என்ற கேள்விக்குப் பதிலாக நீட்டுகிறார். முழுப் பூசணிக்காயை மறைக்க அவருக்குச் சோறுகூடத் தேவைப்படவில்லை.

இன்றைய கணக்குக்கு வருவோம். 35 முதல் 49 கிலோ வரை உள்ள பெரியவர்கள் எல்லாருக்கும் தினம் மூன்று கூட்டு மாத்திரை. ஒவ்வொன்றிலும் 400 மில்லிகிராம் பைராசினமைடு. 49 கிலோக்காரருக்குக் கிலோவுக்கு 24 மில்லிகிராம் சொச்சம் விழுகிறது. 36 கிலோக்காரருக்கு 33. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 20 முதல் 30. எலும்பும் தோலுமாக வருபவர் தலையில்தான் கூடுதல் சுமை.

அந்தச் சுமையைத் தாங்க அவரிடம் என்ன இருக்கிறது? ஐசோனியாசிட் ஈரலில் சிதையும்போது ஹைட்ரசின் போன்ற பொல்லாத பொருட்கள் உண்டாகின்றன. அவை கிளப்பும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை அடக்குவதில் முக்கியப் பங்கு குளூட்டாத்தயோனுக்கு. மூன்று அமினோ அமிலங்களால் ஆனது அது. அவற்றில் பெரும்பாலும் தட்டுப்பாடாவது சிஸ்டீன். முட்டை, மீன், பருப்பு இவற்றிலிருந்து வரவேண்டியது. பாராசிட்டமாலை அளவுமீறி விழுங்கியவருக்கு அவசரப் பிரிவில் அசிட்டைல்சிஸ்டீன் ஏற்றுகிறார்களே, அதுவும் ஈரலுக்குச் சிஸ்டீன் கொடுக்கும் வேலைதான். நரம்பு வழியே போனால் மருத்துவம், வாய் வழியே போனால் கருணையா?

ஊட்டமில்லாத உடலில் மருந்தைச் சிதைக்கும் நொதிகள் சிலவும் குறையும். அதனால் பட்டினிக்கும் ஈரல் சேதத்துக்கும் உள்ள உறவு சிக்கலானது. இதைக் கேட்டிருந்தால் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அவர் கேட்கவில்லை. குடி என்ற ஒற்றைச் சொல்லில் கடையைக் கட்டிவிட்டார்.

குடி ஈரலைக் கெடுக்கும், யார் மறுத்தார்கள்? 1996இல் டெல்லி மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு, காசநோய் மருந்தால் ஈரல் கெடும் வாய்ப்பைக் கூட்டுபவற்றில் குடியையும் சொன்னது, ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் குறைவதையும் சொன்னது. (ஆல்புமின் நோயின் கடுமையாலும் குறையும், தெரியும்.) ஒரே பட்டியலில் ஒரு வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குக் கண்ணை மூடிக்கொள்வதற்கு என்ன பெயர்?

எனக்குத் தெரிந்த கட்டட வேலைக்காரர் ஒருவர், 36 கிலோ. மூன்றாவது வாரம் வாந்தி, மஞ்சளாக மூத்திரம். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். கண் மஞ்சளான பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். “குடிப்பியா?” என்று மூன்று பேர் கேட்டார்களாம். மாத்திரையோடு காலையில் என்ன சாப்பிடுவாய் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

“ஒரு டீ, ஒரு பொறை சார். சில நாள் டீ மட்டும்.”