ஒருக்கா குதிச்சால் ஸ்கைடைவரா?

பதினெட்டு முடிந்ததும் எங்கள் பிள்ளைகளில் சிலர் ரொறன்ரோவுக்கு வடக்கே இனிஸ்ஃபில் வரை போய், விமானத்திலிருந்து குதித்துவிட்டு வருகிறார்கள். அன்று மாலையே வீடியோ: ‘இப்ப நான் ஸ்கைடைவர்!’

முதல் குதிப்பு பெரும்பாலும் டாண்டம். பயிற்றுநரின் உடலோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். உயரம் பார்ப்பது, பாராசூட்டைத் திறப்பது, தரையிறக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. துணிச்சல் வேணும்தான். ஆனாலும் விமானத்தில் ஏறினவரை விமானி என்பதில்லையே! (இன்னொருவர் எழுதிய நிரலை ஒட்டிவிட்டு ‘டெவலப்பர்’ என்பவர்கள் எங்கள் துறையிலும் உண்டு.)

அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் முதல் உரிமமான ‘ஏ’ கிடைக்கக் குறைந்தது 25 முறை குதிக்கணும். தன் பாராசூட்டைத் தானே மடிக்கணும், குறித்த இடத்துக்கு 20 மீட்டருக்குள் 5 முறை இறங்கணும், தேர்வும் எழுதணும். கனடாவின் சங்கம் முதலில் ‘சோலோ’, பிறகு ‘ஏ’ என்று படிப்படியாகச் சான்றிதழ் தருகிறது. என் கணக்கில் அந்த ‘ஏ’ வந்த பிறகுதான் பெயர் பொருந்தும்.

வேடிக்கை என்னவென்றால், டாண்டத்துக்குப் பிறந்தநாள் பரிசாகக் காசு கொடுக்கும் நாங்கள், பிள்ளை ‘கோர்ஸ் எடுக்கப்போறன்’ என்றதும் பதறுகிறோம். பிரதான பாராசூட் சிக்கினால் அதைக் கழற்றிவிட்டு மாற்றுப் பாராசூட்டை இழுக்க அங்கேதானே பழக்குகிறார்கள்! காற்றைப் பார்த்து, ‘இண்டைக்கு வேண்டாம்’ என்று தரையிலேயே நின்றுவிடவும் அங்கேதான் பழகுவது. ஆபத்தில்லை என்று சொல்ல வரவில்லை. டாண்டத்தில் முடிவெடுப்பவர் இன்னொருவர், கோர்ஸ் முடித்தால் பிள்ளையே. வீட்டில் அதைப் பேசாமல் கட்டணத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.