காட்கேயை ஏன் மறந்தோம்?

இந்திய விமானம் என்று பேச்சு வந்தாலே நம்மவர்கள் 'மாருத்' கதையை ஆரம்பித்துவிடுவார்கள். ஜெர்மன்காரர் குர்ட் டேங்க் வடிவமைத்தது, 1961-ல் பறந்தது, தோதான எஞ்சின் கிடைக்காமல் முடங்கியது... சுவாரசியமான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1951 ஆகஸ்ட் 5 அன்று, பெங்களூரில் நம்மாள் வடிவமைத்த விமானம் ஒன்று பறந்துவிட்டது. பெயர் எச்.டி.-2. வடிவமைத்த குழுவின் தலைவர் டாக்டர் வி.எம். காட்கே.

சாதாரண ஆளில்லை. ஜெர்மனியில் காட்டிங்கனில், காற்றியக்கவியலின் பிதாமகரான பிராண்டிலிடம் டாக்டர் பட்டம் வாங்கியவர். புஷ்பக், க்ருஷக், 1964-ல் பறந்த கிரண் ஜெட் எல்லாம் இவர் கைவண்ணம்தான்.

பெங்களூரில் பொட்டி தட்டும் எனக்கு, ஊரிலிருந்து யார் வந்தாலும் எச்.ஏ.எல். மியூசியத்துக்குக் கூட்டிப் போவது வழக்கம். எல்லாரும் மாருத் முன்னால் நின்றுதான் போட்டோ எடுப்பார்கள். இரண்டு பேர் உட்காரும், 155 குதிரைசக்தி எச்.டி.-2-வை யார் சீண்டுகிறார்கள்?

பயிற்சி விமானம்தானே என்று இளக்காரம் வேண்டாம். போர் விமானத்தை ஓட்டுபவர் தேர்ந்தவர். இதை ஓட்டுபவன் நேற்று சேர்ந்த பையன். மூக்கை அதிகம் தூக்குவான், தரையில் தொப்பென்று இறக்குவான். அத்தனையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதை வடிவமைப்பது தனி வித்தை.

அந்த வித்தையை நாம் தொடர்ந்து பழகவில்லை என்பதுதான் என் ஆதங்கம். அடுத்த அடிப்படைப் பயிற்சி விமானமான தீபக் 1977-ல்தான் பறந்தது. 2009 விபத்துக்குப் பின் அதை நிறுத்தியதும் கையில் மாற்று இல்லை. 2012-ல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸிடம் 75 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டோம். நம்முடைய எச்.டி.டி.-40 பறந்தது 2016-ல். தீபக் காலத்தில் 25 வயதில் சேர்ந்த இன்ஜினியருக்கு அப்போது 64 வயது. யாரிடம் போய்க் கேட்பது?

நடுவே தேஜஸ், த்ருவ் எல்லாம் செய்தோமே என்பீர்கள். உண்மைதான். ஆனால் 2003-ல் பறந்த எச்.ஜே.டி.-36 பயிற்சி ஜெட், சுழலில் சிக்கினால் மீள முடியாத பிரச்சினையால் வருஷக்கணக்கில் இழுத்தடித்ததே?

2023-ல் 70 எச்.டி.டி.-40 வாங்க ஒப்பந்தம் ஆனது. சந்தோஷம். அதோடு நிறுத்தாமல், அடுத்ததற்கான வரைபட வேலையை இந்தக் குழு ஓய்வு பெறுவதற்குள் தொடங்க வேண்டும். காட்கேக்குச் சிலை வைப்பதைவிட அதுதான் மரியாதை.