35 வயதில் கிடைத்த ஜெர்ஸி

ஆஸ்திரேலியப் பூர்வகுடியான ஆர்தர் பீட்சன் பிறந்தது குயின்ஸ்லாந்து மாநிலத்தில். அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி லீக்கில் சாதிக்க சிட்னிக்குப் போனார். எந்த மாநில கிளப்பில் இருக்கிறாரோ, அந்த மாநிலத்துக்குத்தான் ஆட வேண்டும் என்பது அன்றைய விதி. அதனால் நியூ சவுத் வேல்ஸ் அணியில் சேர்ந்து சொந்த மாநிலத்தையே எதிர்த்து ஆடினார்! ஆஸ்திரேலிய அணிக்கும் கேப்டனானார்.

1980-ல், அவரவர் சொந்த மாநிலத்துக்கே ஆடும் போட்டியை முதன்முதலாக நடத்தினார்கள். பீட்சனுக்கு அப்போது 35 வயது. கிளப்பில் ரிசர்வ் அணியில்தான் இடம். ஆனாலும் குயின்ஸ்லாந்து அவரையே கேப்டனாக்கியது. 20-10 என வெற்றி! பிறகு பயிற்சியாளராகி 1982, 83, 84 என மூன்று ஆண்டுகளும் தொடரை வென்று கொடுத்தார்.

வெளியூரில் எவ்வளவு பேர் வாங்கினாலும், சொந்த மண் கூப்பிடும்போது வரும் தெம்பே தனிதான்!