மூன்று வாக்கும் ஒருவருக்கே

கொழும்பு மத்தி என்ற பழைய பாராளுமன்றத் தொகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்குகள். தெரிவாக வேண்டியவர்களும் மூன்று பேர். வாக்குகளைப் பிரித்தும் போடலாம், மூன்றையும் ஒருவருக்கே குவித்தும் போடலாம். சிறுபான்மையினரும் தெரிவாக வழிவிட வேண்டும் என்றே சோல்பரி அரசியலமைப்பு இத்தகைய பல அங்கத்தவர் தொகுதிகளுக்கு இடமளித்தது. இனவாரி வாக்களிப்பை இது வளர்த்தது என்று குறை சொல்வோர் உண்டு. 1947 முடிவைப் பார்த்தால் அந்தக் குறை நிற்காது. அவ்வாண்டு தெரிவானவர்கள் பீட்டர் கெனமன், டி. பி. ஜாயா, ஏ. ஈ. குணசிங்க ஆகியோர். ஜாயா மலாய் முஸ்லிம். குணசிங்க, 1929இல் டிராம் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை நடத்திய சிங்களத் தொழிற்சங்கத் தலைவர். கெனமனோ பறங்கியர், கம்யூனிஸ்ட். பறங்கியர் வாக்கை மட்டும் நம்பியிருந்தால் அவர் கட்டுப்பணத்தைக்கூடக் காப்பாற்றியிருக்க முடியாது. அவரை 1977 வரை அங்கே நிறுத்தியது உழைக்கும் மக்களின் வாக்குத்தான்.

அந்த மக்கள் வாழ்ந்த இடத்தையும் பார்க்க வேண்டும். மருதானை, வாழைத்தோட்டம் பக்கத்தில் ‘தோட்டம்’ என்று அழைக்கப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் சுவரோடு சுவர் ஒட்டிய அறைகள். தண்ணீருக்கு ஒரு பொதுக்குழாய், அதன் முன்னே வாளிகளின் வரிசை. வீட்டு உச்சவரம்புச் சட்டம் வந்த 1973இல் வீடமைப்பு அமைச்சர் கெனமன். 1977க்குப் பின் அந்தப் பொறுப்பை ஏற்றவர் வாழைத்தோட்டத்துப் பிள்ளையான ஆர். பிரேமதாச; அவரும் கொழும்பு மத்தியின் உறுப்பினரே. எதிரெதிர்க் கட்சிகள், ஒரே தொகுதி, ஒரே அமைச்சு. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. கூரைக்காக ஏங்கியவர்களின் வாக்கு இருவர் கழுத்திலும் சுமையாக இருந்தது. ஆனாலும் 1949இல் வாக்குரிமை பறிக்கப்பட்ட இந்திய வம்சாவளித் தொழிலாளருக்கு இந்த முறையால் எந்தப் பயனும் இருக்கவில்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாதவருக்கு மூன்று வாக்கு இருந்தென்ன, முப்பது இருந்தென்ன?

விகிதாசார முறை வந்துவிட்டதே, சிறுபான்மையினருக்கு அதுவே போதாதா என்று கேட்கலாம். ஆசனக் கணக்குக்குப் போதும். ஆனால் கொழும்பு மாவட்டம் கடற்கரையிலிருந்து அவிசாவளை வரை நீள்கிறது. மாவட்டம் முழுக்கப் பிரசாரம் செய்யப் பணம் உள்ளவருக்கே விருப்பு வாக்கு விழுகிறது. இன்றும் வாக்காளர் மூன்று விருப்பு வாக்குகள் வரை இடலாம், ஆனால் மூன்றையும் ஒருவருக்கே இட முடியாது. ஏழைகளும் சிறு சமூகங்களும் தம் பலத்தை ஓரிடத்தில் குவிக்க இருந்த வழி அதுதான். தேர்தல் சீர்திருத்தம் பற்றிப் பேசுவோர், நகரங்களுக்காவது அந்தப் பழைய ஏற்பாட்டை மறுபடி எடுத்து ஆராய வேண்டும். கொழும்பு மத்தி இன்று வாக்கெண்ணும் பிரிவாக மட்டுமே இருக்கிறது. அதற்கென்று ஓர் உறுப்பினர் இல்லை.