ஆடப்படாத முதல் வாரம்

ஸ்பெயின் நாட்டுப் பெண்கள் கால்பந்தின் முதல்நிலைப் போட்டித் தொடருக்கு லிகா எஃப் என்று பெயர். அதன் 2023–24 சீசன் என்றதும் விளையாட்டு ரசிகர்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: பார்சிலோனா தோற்கவே இல்லை. 30 ஆட்டங்களில் 29 வெற்றி, ஒரு டிரா. போட்ட கோல்கள் 137, வாங்கிய கோல்கள் 10. அதே ஆண்டில் உள்நாட்டுக் கோப்பைகள் இரண்டும் அவர்களுக்கே. மே மாதம் பில்பாவோ நகரில் பிரான்சின் லியோன் அணியை 2–0 என்று வென்று ஐரோப்பியக் கோப்பையையும் எடுத்துக்கொண்டார்கள்.

இதில் ஓர் எண்கூடப் பொய்யில்லை. ஆனால் ஒரு சீசனின் கதையைக் கோப்பைக் கணக்காக மட்டும் சொல்வது, ஒரு வீட்டின் கதையை விருந்து நாட்களை வைத்தே சொல்வதைப் போல. அந்த விருந்துக்கு யார் அரைத்தார், யார் பாத்திரம் தேய்த்தார் என்பது அதில் வராது.

அந்த சீசன் 2023 செப்டம்பர் 8 முதல் 10 வரை நடக்கும் ஆட்டங்களோடு தொடங்கியிருக்க வேண்டும். 16 அணிகள், 8 ஆட்டங்கள். ஒன்றுகூட நடக்கவில்லை. வீராங்கனைகளின் சார்பில் ஐந்து தொழிற்சங்கங்கள் ஒன்றாக வேலைநிறுத்தம் அறிவித்திருந்தன. கேட்டது ஒரே விஷயம்: குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்துங்கள்.

இது நடந்தபோது நாம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம்? ஆகஸ்ட் 20 அன்று சிட்னியில் ஸ்பெயின் பெண்கள் உலகக் கோப்பையை வென்றார்கள். பதக்கம் வழங்கும் மேடையில் ஸ்பெயின் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் லூயிஸ் ரூபியாலெஸ், ஜெனி எர்மோசோவின் தலையைப் பிடித்து உதட்டில் முத்தமிட்டார். ஐந்து நாள் கழித்து, பதவி விலக மாட்டேன் என்று ஒரு கூட்டத்தில் ஐந்து முறை முழங்கினார். கூடியிருந்தவர்களில் பலர் கை தட்டினார்கள். 81 வீராங்கனைகள், இந்தத் தலைமை இருக்கும்வரை நாட்டுக்காக ஆட மாட்டோம் என்று கையெழுத்திட்டார்கள். கடைசியில் அவர் பதவி விலகுவதாக அறிவித்த நாள் செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. அதாவது வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த அதே வாரக்கடைசி. உலகத்தின் கேமராக்கள் எல்லாம் ஓர் ஆணின் ராஜினாமாவின் மீது இருந்தன. காலியாகக் கிடந்த எட்டு மைதானங்களைப் படம்பிடிக்க யாருக்கு நேரம்?

எர்மோசோவுக்காக எழுந்த குரலைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. அந்தக் குரல் இல்லையென்றால் ரூபியாலெஸ் இன்றும் அதே நாற்காலியில்தான் இருந்திருப்பார். என் சண்டை வேறு. அவமானப்பட்ட பெண்ணுக்காக உலகம் சட்டென்று உருகுகிறது. அதே பெண் சம்பளம் கேட்டால், உருகிய அதே முகம் கணக்குப் பிள்ளையின் முகமாகி விடுகிறது. "வருமானம் எங்கே? யார் பார்க்கிறார்கள்? முதலில் லீக் வளரட்டும்." பெண்ணியம் பேசுகிற நாமும் இதற்கு விலக்கு இல்லை. முத்தத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எழுதினோம், பேசினோம். 16,000 யூரோவைப் பற்றி?

அந்த 16,000தான் அப்போது லிகா எஃப்பில் ஒரு வீராங்கனைக்கு ஆண்டுக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை. அதே ஆண்டில் ஸ்பெயினின் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் மாதம் 1,080 யூரோ; அங்கே ஆண்டுக்கு 14 தவணையாகக் கணக்கிடுவார்கள், ஆக 15,120. நாட்டின் உச்ச லீகில் ஆடுகிற ஒருத்திக்கும், அந்த நாட்டில் ஆகக் குறைந்த சம்பளம் வாங்குகிற ஒருவருக்கும் இடையே ஆண்டுக்கு 880 யூரோ வித்தியாசம். ஆண்கள் முதல்நிலை லீகில் குறைந்தபட்சம் 1,80,000 யூரோவுக்கும் மேல். மைதானத்தில் இறங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆணுக்கும் அதுதான். அந்த ஒருவருடைய தொகையைப் பிரித்தால் பதினோரு பெண்களுக்கு ஆண்டுச் சம்பளம் கொடுத்துவிடலாம். பதினோரு பேர் என்றால் கால்பந்தில் ஒரு முழு அணி.

அந்த 16,000கூடச் சும்மா கிடைத்ததில்லை. 2019 நவம்பரில் ஒரு வாரக்கடைசி முழுவதும் ஆடாமல் இருந்துதான் அதை வாங்கினார்கள். அப்போதைய பேச்சுவார்த்தையில் நடந்த ஒரு தகராறு என்னை விடவே மாட்டேன் என்கிறது. ஒரு கால்பந்து வீராங்கனை எவ்வளவு நேர வேலைக்காரி என்பதுதான் அந்தத் தகராறு. பகுதிநேர ஒப்பந்தம் குறைந்தது முக்கால் பங்காவது இருக்க வேண்டும் என்றன சங்கங்கள். பாதி போதும் என்றன கிளப்புகள். யோசித்துப் பாருங்கள். தினப் பயிற்சி, சாப்பாட்டில் கட்டுப்பாடு, ஊர் ஊராகப் பேருந்துப் பயணம், கிழிந்த தசைநாருக்கு மாதக்கணக்கில் சிகிச்சை, வாரக்கடைசியில் ஆட்டம். இதில் எந்தப் பாதி கிளப்புக்கு, எந்தப் பாதி அவளுக்கு? முழங்காலில் பாதியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா? கடைசியில் 2020 பிப்ரவரியில் முக்கால் பங்கு என்று முடிவானது. முழுநேரத்துக்கு 16,000 என்றால் முக்கால் நேரத்துக்கு 12,000. ஐரோப்பாவில், கோப்பைகளோடு படம் எடுத்துக்கொள்ளும் கிளப்புகளில்.

இந்த "பாதி நேரம்" என்ற பேச்சு நமக்குப் புதிதா என்ன? காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பதினொன்றுக்குப் படுக்கிறவளை "வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்று சொல்லப் பழகிய காதுதானே நம்முடையது. பெண் செய்யும் வேலையை வேலை என்று ஒப்புக்கொள்ளாமல் இருக்க ஒரு சொல் எப்போதும் தயாராக இருக்கும். வீட்டில் அதன் பெயர் பாசம். பள்ளியிலும் மருத்துவமனையிலும் சேவை. மைதானத்தில் விளையாட்டின் மீதான காதல். "அவர்கள் பணத்துக்காக ஆடவில்லை, காதலுக்காக ஆடுகிறார்கள், அதனால்தான் பெண்கள் கால்பந்து இன்னும் தூய்மையாக இருக்கிறது" என்று புகழ்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இதைவிட மலிவாக ஒருத்தியை வேலைக்கு வைக்க வழியே இல்லை. காதல் இருப்பதால் சம்பளம் வேண்டாம் என்று எந்த ஆண் வீரரிடமும் இதுவரை யாரும் சொன்னதில்லை. அவர்களுக்கும் அந்த விளையாட்டின் மேல் காதல் உண்டு என்றே நம்புகிறேன்.

இப்போது சந்தை வாதத்துக்கு வருவோம். பெண்கள் லீகுக்கு வருமானம் குறைவு, ஆகவே சம்பளமும் குறைவு என்பது கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அந்தச் சந்தையை யார் மூடி வைத்தது என்று கேட்க வேண்டாமா? 1971இல் ஸ்பெயின் பெண்கள் தங்கள் முதல் சர்வதேச ஆட்டத்தைக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இல்லாமலே ஆடினார்கள். அப்போதைய தலைவர் பெரேஸ்-பயா, அரைக்கால் சட்டையும் பனியனும் பெண்ணுக்கு அழகாக இல்லை, வட்டார உடை எதுவானாலும் அதைவிடப் பொருத்தமாக இருக்கும் என்கிற பொருளில் பேசினார். கூட்டமைப்பு அவர்களை ஏற்றுக்கொண்டது 1980இல். லீக் தொடங்கியது 1988இல். அதைத் தொழில்முறை லீக் என்று அரசு அறிவித்தது 2021இல். ஆண்களின் லீக் 1929 முதல் நடக்கிறது. ஒருத்தியை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பல ஆண்டு கழித்துத் திறந்து, "ஏன் இன்னும் ஊர் உனக்குப் பழக்கமாகவில்லை?" என்று கேட்கும் சாமர்த்தியம் இது.

பூட்டைத் திறந்தபோது என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. வழக்கமாகப் பார்சிலோனா பெண்கள் ஆடும் மைதானத்தில் சுமார் 6,000 இருக்கைகள். 2022 மார்ச்சில் ஐரோப்பியப் போட்டியில் ரியல் மாட்ரிட்டோடு மோதும்போது ஆண்களின் பெரிய மைதானமான காம்ப் நோவைக் கொடுத்தார்கள். வந்தவர்கள் 91,553 பேர். யாரும் பார்க்க வரமாட்டார்கள் என்று சொன்னவர்கள் பிறகு பேச்சை மாற்றிக்கொண்டார்கள்: "அது பார்சிலோனா, மற்றவர்கள் வேறு."

மற்றவர்கள் வேறுதான். அதற்காகத்தான் குறைந்தபட்ச ஊதியம் என்ற ஒன்றே தேவைப்படுகிறது. பார்சிலோனாவின் நட்சத்திரங்களுக்கு 16,000 ஆனாலும் 21,000 ஆனாலும் கையில் வருவது மாறாது. உவெல்வா போன்ற ஊரின் அணியில் ஆடுகிறவளுக்கு மாறும். ஸ்போர்ட்டிங் உவெல்வாவுக்குப் பின்னால் கோடிகளில் புரளும் ஆண்கள் கிளப் கிடையாது; 2006 முதல் அந்த அணி முதல்நிலையில் தாக்குப்பிடித்தது. பார்சிலோனாவின் தோல்வியே இல்லாத சீசன்தான் உவெல்வாவின் கடைசி சீசன்; கீழ்நிலைக்கு இறங்கிவிட்டது. 137 கோல்களைக் கொண்டாடும்போது அவற்றை வாங்கியவர்களின் சம்பளச் சீட்டையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தேவையே இல்லாத நட்சத்திரங்களும் தேவைப்பட்டவர்களுக்காக அந்த வாரம் ஆடாமல் இருந்தார்கள். அந்த சீசனில் நான் கொண்டாட விரும்புவது இதை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பேச்சுவார்த்தை மேசையின் எதிர்ப்பக்கத்தில் இருந்த லிகா எஃப் அமைப்பின் தலைவர் ஒரு பெண், பெயாத்ரிஸ் ஆல்வாரெஸ். பெண் தலைமைக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்மில் சிலர் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு இது இடிக்கும். அவர் கெட்டவர் என்பதல்ல பிரச்சினை. அவர் உட்கார்ந்திருந்தது கிளப் முதலாளிகளின் நாற்காலி. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் வாயில் வருவது "பணம் இல்லை" என்பதுதான். இதே கிளப்புகள் பதினாறு வயதுப் பையன்களின் அணிக்குச் செலவழிக்கும்போது, அந்தப் பையன்கள் இந்த மாதம் எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதற்குப் பெயர் முதலீடு. பெண்களுக்குக் கொடுத்தால் மட்டும் நஷ்டம்.

முத்தமும் சம்பளமும் வேறு வேறு விஷயம் என்று நினைப்பதால்தான் ஒன்றுக்கு மட்டும் தெருவுக்கு வருகிறோம். 2022 செப்டம்பரில் 15 வீராங்கனைகள், சூழ்நிலை மாறும்வரை எங்களைத் தேசிய அணிக்கு அழைக்க வேண்டாம் என்று கூட்டமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டால்தான் திரும்ப வரலாம் என்று பகிரங்கமாக அறிவித்தது கூட்டமைப்பு. அந்த 15 பேரில் மூவர்தான் உலகக் கோப்பை அணியில் இருந்தார்கள். குறை சொன்னால் இடம் போகும்; இடம் போனால் வருமானம் போகும். கர்ப்பமானால் ஒப்பந்தம் முறியும் என்ற ஷரத்துகள் 2020 ஒப்பந்தத்துக்கு முன்பு அந்த லீகில் புழங்கின. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தின் கீழ் இருக்கும் ஒருத்தி, தோளில் கை வைக்கும் நிர்வாகியை எந்தத் தைரியத்தில் தட்டிவிடுவாள்? 2023 ஜனவரியில் மெரிடா நகரில் சூப்பர் கோப்பையை வென்ற பார்சிலோனா பெண்களுக்குப் பதக்கம் அணிவிக்க ஒருவரும் வரவில்லை. மேசையில் வைத்திருந்ததைத் தாங்களே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். ஏழு மாதம் கழித்து, உலகமே பார்க்கும் மேடையில், பதக்கம் கொடுக்க நீண்ட வரிசையில் ஆட்கள் நின்றார்கள். கேமரா இல்லாத இடத்தில் அலட்சியம், இருக்கும் இடத்தில் உரிமை கொண்டாடல். இரண்டும் ஒரே கையிலிருந்து வருபவைதான்.

வேலைநிறுத்தத்தின் முடிவு என்ன? செப்டம்பர் 14 அன்று ஒப்பந்தம் ஆனது. அந்த சீசனுக்குக் குறைந்தபட்சம் 21,000 யூரோ, 2025–26க்குள் 23,500. சங்கங்கள் கேட்டதைவிடக் குறைவு, கிளப்புகள் கொடுக்க நினைத்ததைவிட அதிகம். இரண்டாவது வாரம் பந்து உருண்டது. முந்தைய ஆண்டும் முதல் வாரம் ஆடப்படவில்லை என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது மறுத்தவர்கள் அந்த லீகின் பெண் நடுவர்கள், அவர்களும் ஊதியத்துக்காகவே. தொழில்முறை லீக் என்று பெயர் மாறிய பிறகு வந்த இரண்டு சீசன்களையும் தொடங்கி வைத்தது வேலைநிறுத்தம்தான்.

ரூபியாலெஸ் மீதான வழக்கில் 2025 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பாலியல் தாக்குதல் குற்றம் உறுதியானது. மிரட்டிப் பணிய வைத்தார் என்ற குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார். அபராதம் 10,800 யூரோ. அந்த வேலைநிறுத்தத்தில் ஒரு வீராங்கனைக்குக் கிடைத்த ஆண்டு ஊதியத்தில் ஏறத்தாழ பாதி.