லோக்பால்: சொல்லும் பொருளும்

2011 ஆகஸ்டில் ராம்லீலா மைதானத்தில் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருந்த நாட்களில், நமது குடியிருப்புகளின் டீக்கடை வரை வந்து சேர்ந்த சொல் லோக்பால். கோஷமாக அதைக் கேட்டவர்கள் பலர். பொருள் கேட்டவர்கள் சிலரே.

லோகபாலர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். இந்திரன், அக்கினி, எமன் என்று எட்டுத் திசைக்கும் காவலாக நிற்பவர்களை அப்படி அழைப்பது பழைய மரபு. அந்தச் சொல்லை அரசியலுக்குக் கொண்டுவந்தவர் எல்.எம். சிங்வி. ஸ்வீடனில் 1809 முதல் இருந்துவரும் 'ஆம்புட்ஸ்மன்' என்ற பதவிக்கு ஈடாக, 1963-ல் நாடாளுமன்றத்தில் அவர் சூட்டிய பெயர் இது. ஸ்வீடன் நாட்டுச் சொல்லுக்குப் 'பிரதிநிதி' என்று பொருள். இங்கே அவன் 'காவலன்' ஆகிவிட்டான். இது சிறிய மாற்றமாக நமக்குப் படவில்லை. பிரதிநிதியிடம் கணக்குக் கேட்கலாம். காவல் தெய்வத்தை அண்ணாந்து பார்க்கத்தான் முடியும்.

தெய்வமும் அவசரப்படவில்லை! 1966-ல் மொரார்ஜி தேசாய் தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷன் சிபாரிசு செய்தது. 1968-ல் முதல் மசோதா வந்தது. மக்களவை நிறைவேற்றியும், சட்டமாவதற்குள் அவை கலைக்கப்பட்டு மசோதாவும் காலாவதியாயிற்று. பிறகு வந்த ஆட்சிகளிலும் அதே கதைதான். 2014 ஜனவரியில் சட்டம் அமலுக்கு வந்தது. முதல் தலைவராக நீதிபதி பினாகி சந்திர கோஷ் அமர்ந்தது 2019 மார்ச்சில். சொல் பிறந்து 56 ஆண்டுகள்.

தமிழில் 'ஊழல்' என்றால் அழுகிக் கெட்டது என்று பொருள். நோய்க்குச் சரியான பெயர் வைத்துவிட்டோம். மருந்துக்குத்தான் டில்லியில் இத்தனை காலம் பிடித்தது.

உழைக்கும் குடும்பங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? ரயில்வேயிலோ பி.எப். அலுவலகத்திலோ மத்திய அரசு ஊழியர் கைநீட்டினால் லோக்பாலிடம் புகார் செய்யலாம். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் வரும் புகாரை ஏற்க விதி இடம் தருகிறது. ஆகவே தமிழிலேயே எழுதலாம். பிரமாணப் பத்திரம் இணைக்க வேண்டும். சம்பவம் நடந்து 7 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். பொய்ப் புகார் என்று நிரூபணமானால் ஓராண்டு வரை சிறை உண்டு. கூலிக்காரனைத் தயங்க வைக்க அந்த ஒரு வரி போதும் என்பதே நமது குறை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பின், லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. மிரட்டலுக்குப் பணிந்து கொடுத்தவர் தப்ப வேண்டுமானால், 7 நாட்களுக்குள் போலீசிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்திருக்க வேண்டும். கொடுத்த தேதியை அன்றே குறித்து வையுங்கள்.