கல்யாணப் பாய்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் பரண் சுத்தம் செய்யும் வைபவம் நடந்தது. பரண் என்றால் உங்களுக்குத் தெரியாதா என்ன? தூக்கிப் போட மனசு வராத சாமான்களும், எடுத்து உபயோகிக்கத் துணிவு வராத சாமான்களும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் இடம் அது. அங்கிருந்து இறங்கியவற்றில் பழைய புடவையில் சுற்றிய ஒரு நீண்ட சுருளும் இருந்தது. வாசலில் பழைய பேப்பர்காரர் காத்துக் கொண்டிருந்தார். சுருளை அவர் கையில் கொடுக்கப் போனவளைத் தடுத்து நிறுத்தியது அம்மாவின் குரல்.

"அதைக் கீழே வை. அது என் கல்யாணப் பாய்."

பிரித்து விரித்தோம். ஓரமெல்லாம் சிவப்பும் கருப்புமாகக் கரை. நடுவே தேன் நிறத்தில் பட்டுப் போன்ற பரப்பு. ஒரு தலைப்பில் அப்பாவின் பெயர், அடுத்து அம்மாவின் பெயர், கீழே கல்யாணத் தேதி. எல்லாம் கோரையாலேயே நெய்த எழுத்துக்கள். நாற்பது வருஷம் ஆகியும் ஓர் இழை கூட விடவில்லை. ஒரே ஒரு குறைதான்: அம்மாவின் பெயரில் ஒரு துணைக்காலைக் காணோம்!

தவறு நெய்தவருடையதல்ல. பெயர்களை எழுதி அனுப்பியவர் எங்கள் தாத்தா. அவசரத்தில் ஒரு காலை விழுங்கி விட்டார். நெய்த கை, வந்த காகிதத்தில் இருந்ததை அப்படியே பாயில் இறக்கி விட்டது. இந்தத் துணைக்கால் சமாசாரத்தை வைத்து எங்கள் வீட்டில் நடந்த கேலிகளுக்குக் கணக்கில்லை. ஆனால் அன்று அந்தப் பாயின் மேல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறு ஒரு யோசனை வந்தது. அம்மாவின் முகத்தைக் கூடப் பார்த்திராத யாரோ ஒரு பெண் இந்த எழுத்துக்களை ஒவ்வொரு இழையாகச் சேர்த்திருக்கிறாளே, அவள் யார்?

அவளுடைய ஊர் மட்டும் தெரியும். பத்தமடை. திருநெல்வேலியிலிருந்து சேரன்மாதேவி போகும் சாலையில் இருக்கிறது. 1887-ஆம் ஆண்டில் சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் என்று பக்தர்கள் அதை அறிவார்கள். ஆனால் கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் பத்தமடை என்றால் பாய்தான்.

பாய்க்கு மூலப்பொருள் கோரைப் புல். 'கோரையா? அது களை அல்லவா?' என்று தோட்டம் போட்டிருக்கும் சகோதரிகள் கேட்பார்கள். வாஸ்தவம். கோரையில் பல ஜாதி உண்டு. வயலில் முளைத்து விவசாயியைப் பாடாய்ப் படுத்தும் கோரை ஒன்று. அதன் கிழங்கைத்தான் உலர்த்தி இடித்து நீங்கள் ஸ்நானப் பொடியில் சேர்க்கிறீர்கள். பாய்க்கு ஆகும் கோரை அதன் ஒன்றுவிட்ட சகோதரி. ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் ஈரத்தில் கால் நனைத்துக் கொண்டு, கணு இல்லாமல், நெட்டையாக வளருவது. காவிரிக் கரையில் முசிறி, கரூர்ப் பக்கங்களிலும் பாய்க் கோரை பயிராகிறது. பத்தமடைக்குப் பேர் வாங்கித் தந்தது தாமிரபரணிக் கரைக் கோரை.

அந்தப் புல்லைப் பாயாக்குவதில் பெரும்பங்கு ஆற்றினுடையது என்றால் மிகையாகாது. கோரையைப் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, நீளவாக்கில் கீறி, வெயிலில் காயப் போடுவார்கள். மழையோ பனியோ பட்டால் கருத்து விடும். ஆகையால் குழந்தையைப் பார்த்துக் கொள்வது போல எடுத்து உள்ளே வைப்பதும், மறுபடி வெளியே கொண்டு வருவதுமாக இருக்க வேண்டும். உயர்ந்த ரகப் பாய் என்றால், காய்ந்த கோரையைக் கட்டுக் கட்டாக ஓடும் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பார்கள். மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரையில் அது ஆற்றிலேயே வாசம் செய்யும். ஊறி ஊறி மூன்று பங்கு பருமனாக உப்பி விடும். பிறகு மறுபடியும் உலர்த்தி, நூல் போல மெல்லிய இழைகளாகக் கிழிப்பார்கள்.

'ஊற வைப்பதுதானே? ஒரு தொட்டியில் போட்டால் போதாதா?' என்று கேட்கத் தோன்றும். நாம் உளுந்து ஊற வைப்பவர்கள் அல்லவா! ஆனால் தேங்கிய நீரில் புல் அழுகிப் போகும், நிறமும் கெடும். ஓடுகிற தண்ணீர், அதுவும் சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். இதிலேதான் பத்தமடையின் அதிர்ஷ்டம் இருக்கிறது. பொருநை என்று பழைய பெயர் கொண்ட தாமிரபரணி, பொதிகை மலையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் இரண்டும் அதற்குத் தண்ணீர் கொடுக்கின்றன. தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே முடியும் ஜீவநதி. பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் தூரமில்லாத பெண் மாதிரி!

ஆற்றுக்குக் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உண்டு. கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் அணை வெள்ளைக்காரர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முன்பே இருந்தவை. மலையிலிருந்து வரும்போது மூன்றாவதாக வருவது கன்னடியன் அணை. அதிலிருந்து புறப்படும் கன்னடியன் கால்வாய்தான் சேரன்மாதேவி, பத்தமடைப் பக்கத்து வயல்களை நனைக்கிறது. பத்தமடை என்ற பெயரிலேயே ஒரு மடை ஒளிந்திருப்பதைப் பாருங்கள்.

இந்தக் கால்வாயைப் பற்றி அந்தப் பக்கத்துப் பாட்டிமார் ஒரு கதை சொல்லுவார்கள். முன்னொரு காலத்தில் மலையாள தேசத்து ராஜாவுக்குத் தீராத நோய் ஒன்று வந்ததாம். எள்ளினால் ஓர் ஆள் உயரப் பொம்மை செய்து, அதன் வயிற்றில் பொன்னை நிரப்பித் தானம் கொடுத்தால், வாங்குகிறவனோடு நோய் போய்விடும் என்றார்களாம். பொன்னுக்கு ஆசைப்பட்டாலும் நோய்க்கு யார் ஆசைப்படுவார்கள்? ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் கன்னட தேசத்து வாலிபன் ஒருவன் துணிந்து வாங்கிக் கொண்டானாம். தன் தவப் பலனில் ஒரு பங்கைக் கொடுத்து அந்தப் பொம்மையின் பீடையைத் தீர்த்தானாம்.

கையில் பொன் இருக்கிறது. இதை என்ன செய்வது? பொதிகை மலையில் இருக்கும் அகத்தியரிடம் போய்க் கேட்டான். 'ஒரு பசுவின் பின்னாலே போ. அது நடக்கிற வழியில் கால்வாய் வெட்டு. நீர் விடுகிற இடத்தில் மடை வை. படுக்கிற இடத்தில் குளம் தோண்டு' என்றாராம் முனிவர். அவன் அப்படியே செய்தான். ஊரெல்லாம் விளைந்தது.

கதையைக் கேட்டுச் சிரித்து விடாதீர்கள். மாடு எப்படி நடக்கும்? செங்குத்தான மேட்டில் ஏறாது. திடீர்ப் பள்ளத்தில் குதிக்காது. நிலத்தின் சரிவை அனுசரித்து வளைந்து வளைந்து போகும். தண்ணீருக்கும் அதேதான் வழி. அளவுச் சங்கிலியும் தொலைநோக்கியும் இல்லாத காலத்தில் நம்மவர்கள் மட்டம் பார்த்த விஷயத்தை இந்தக் கதை சொல்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு விசேஷமும் உண்டு. கால்வாய் வெட்டியவனுடைய பேரைக் கதை சொல்லுவதே இல்லை. கன்னடியன் என்பது அவன் வந்த தேசம், அவ்வளவுதான். அவனுக்கு எந்தக் கல்லிலும் பெயர் பொறிக்கத் தோன்றவில்லை போலும்.

இனி, நெய்யும் இடத்துக்கு வருவோம். பத்தமடையில் பாய் நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். வீட்டுக்குள்ளேயே தரையோடு தரையாகத் தறி. பருத்தி நூலைப் பாவாக நீட்டிக் கட்டி, அதன் மேலே குறுக்கே பலகை போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கோரை இழையையும் நீண்ட குச்சியில் கோத்துக் குறுக்கே செலுத்தி, அச்சினால் நெருக்கி அடிக்க வேண்டும். சாதாரணப் பாயில் ஒரு சாண் அகலத்தில் ஐம்பது பாவு நூல் இருந்தால், உயர்ந்த ரகத்தில் நூற்றுக்கு மேல் இருக்கும்; 140 வரையிலும் கூடப் போகும். அப்படிப்பட்ட பாயைத் துணி போல மடித்து விடலாம். பட்டு நூலைப் பாவாகப் போட்டுச் செய்வதும் உண்டு. பழைய நாளில் பதிமுகக் கட்டையை வேக வைத்துச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். பின்னால் கடைச் சாயம் வந்தது.

காலையில் சமையல், குழந்தைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது, துவைப்பது, இவற்றுக்கு நடுவே கிடைக்கும் நேரத்தில் நெய்த பாய்கள் இவை. ஒரு நல்ல பாய் முடிய வாரக் கணக்கில் ஆகும். அம்மன் கோவில் மாவிளக்கு எடுக்கும் வீட்டுக் கல்யாணத்துக்கு, ஐந்து வேளை தொழுகிற வீட்டிலிருந்து மணமக்கள் பெயர் நெய்து பாய் போகிறது. இதை யாரும் மேடை போட்டுப் பேசவில்லை. தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது.

2012–13-ஆம் ஆண்டில் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, அந்த ஊர்ப் பாயைத் தவிர வேறு எதையும் அந்தப் பெயரில் விற்கக் கூடாது. கௌரவம்தான். ஆனால் கௌரவம் அடுப்பில் ஏறாது அல்லவா? கடைக்குப் போகிறோம். பளபளவென்று பிளாஸ்டிக் பாய் தொங்குகிறது. விலையும் மலிவு, தண்ணீர் விட்டுக் கழுவலாம். அதன் பக்கத்தில் கோரைப் பாயின் விலையைக் கேட்டதும், "பாய்க்கா இவ்வளவு?" என்கிறோம். முகூர்த்தப் புடவைக்கு அப்படிக் கேட்கிறோமா? ஆற்றில் ஊறிய நாளும், ஒரு பெண் குனிந்திருந்த நாளும் அந்த விலையில் அடக்கம் என்பது நமக்குத் தெரியாததனால் வந்த வினை. பேரம் பேசிக் குறைக்கிற ரூபாய் எந்தப் பெண்ணின் கூலியில் குறைகிறது என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கலாம்.

ஆற்றின் விஷயமும் கவலைக்குரியதுதான். கரையோர ஊர்களின் சாக்கடை தாமிரபரணியில் கலக்கிறது. மணலை வாரிக் கரையைக் குடைந்த இடங்களும் உண்டு. குடிக்கிற தண்ணீருக்குக் கேடு என்று மட்டும் நாம் நினைக்கிறோம். கோரைக்கும் அதுவே குடிநீர், அதுவே ஸ்நானம். ஆறு கெட்டால் முதலில் கெடுவது இம்மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். புல் கருக்கும், இழை முறியும், நெய்கிற பெண் வேறு வேலை தேடிப் போவாள். அவள் மகளுக்கு அந்தக் கைப்பழக்கம் வராமலே போய்விடும். ஒரு தலைமுறை விட்டுப் போனால் பிறகு எந்தப் பணத்தைக் கொடுத்தும் அதை வாங்க முடியாது.

நம்மால் என்ன செய்ய முடியும்? வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், பத்திரிகை அச்சடிக்கக் கொடுக்கும்போதே பாய்க்கும் சொல்லி விடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் கோரை அவசரப்படாது. பெயர்களைக் கொட்டை எழுத்தில், நிதானமாக எழுதி, இரண்டு பேர் சரி பார்த்து அனுப்புங்கள். (எங்கள் தாத்தாவின் அனுபவம் உங்களுக்குப் பாடமாக இருக்கட்டும்!) வீட்டில் இருக்கிற கோரைப் பாயைத் தண்ணீரில் முக்காதீர்கள். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். உபயோகமில்லாத நாட்களில் மடிப்பதை விடச் சுருட்டி வைப்பது நல்லது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் காற்றாட விரியுங்கள்.

எங்கள் வீட்டுப் பாய் மறுபடி பரணுக்குப் போகவில்லை. கூடத்தில் விரித்தாகி விட்டது. பேரக் குழந்தைகள் அதன் மேல் உருண்டு கொண்டு, எழுத்துக் கூட்டிப் பாட்டியின் பெயரைப் படித்தார்கள். "பாட்டி, உன் பேரில் ஒரு காலைக் காணோமே!" என்று கூவியது ஒரு வாண்டு.

அம்மா சிரித்தாள். "கால் இல்லாவிட்டால் என்னடா? நாற்பது வருஷம் நடந்து வந்து விட்டேனே!" என்றாள்.

அந்தப் பெயரை நெய்த பெண்மணி இப்போது எங்கே இருக்கிறாளோ? அம்மா வயதுதான் அவளுக்கும் இருக்கும். எத்தனையோ பேருடைய பெயர்களை நெய்தவள் தன் பெயரை ஒரு மூலையில் கூட நெய்யவில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் அவள் கை பட்ட பாய் ஒன்று இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஏறிப் பாருங்களேன்.